அம்மம்மாவின் வயிற்றில் தொடங்கிய கணக்கு

திருகோணமலை உவர்மலையில் ஒரு பின்னேரம் என் வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கதவடியில் நின்றாள். கையில் நாலாக மடித்த ஒரு துண்டு. காய்ச்சலுக்கு இரத்தம் சோதித்தபோது கொடுத்த அறிக்கை அது. "சேர், அப்பா ஏ, அம்மா பி. நான் மட்டும் எப்படி ஓ?" என்றாள். பக்கத்து வீட்டு மாமி ஒருவர் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு "அதெப்படி?" என்று இழுத்திருக்கிறார். இழுத்தவர் போய்விட்டார், இழுப்பு வீட்டிலேயே தங்கிவிட்டது. இரண்டு நாளாக அம்மா சரியாகச் சாப்பிடவில்லையாம்.

பதில் சின்னது. ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு (ஜீன்) ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. ஒரு பிரதி ஏ, மற்றது ஓ என்றாலும் சோதனையில் ஏ என்றுதான் வரும். ஓ பின்னால் ஒளிந்துகொள்ளும். பிக்கும் இதே கதைதான். ஆகவே அப்பாவிடம் ஏயும் ஓவும், அம்மாவிடம் பியும் ஓவும் இருந்தால் அவர்களுக்கு ஏ, பி, ஏபி, ஓ என நாலு வகையிலும் பிள்ளை பிறக்கலாம். மாமி இழுக்க இதில் ஒன்றுமில்லை.

தலையாட்டிவிட்டுப் போவாள் என்று பார்த்தால், அடுத்த கேள்வி வந்தது. "அப்ப அந்த ஓ அப்பாவிட்ட எங்க இருந்து சேர் வந்தது?"

உயர்தர உயிரியல் படிப்பிக்கிற இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த கேள்விகளில் இது முதல் வரிசைக் கேள்வி. "பிள்ளை என்றால் அப்பா பாதி, அம்மா பாதி" என்று சொல்லி நாங்கள் நிறுத்திவிடுகிறோம். அப்பா தருகிற பாதி எந்தப் பாதி என்று யாரும் கேட்பதில்லை. அவரிடம் இருப்பதெல்லாம் அப்பப்பாவும் அப்பம்மாவும் கொடுத்தது. அந்த இரண்டு பேரின் பங்கையும் கலைத்து அடுக்கி, முன்பு யாரிடமும் இல்லாத ஒரு பாதியைச் செய்துதான் அவர் பிள்ளைக்குத் தருகிறார். அம்மாவும் அப்படியே, அம்மம்மாவின் பங்கையும் அம்மப்பாவின் பங்கையும் கலந்து. இந்தக் கலைப்பு நடக்கிற வேலைக்குத்தான் ஒடுக்கற்பிரிவு என்று பெயர். ஆங்கிலத்தில் இரண்டு பாட்டிமாருக்கும் ஒரே சொல். எங்கள் பக்கத் தமிழில் நாலு பேருக்கும் நாலு பெயர். இவ்வளவு வசதியான சொற்கள் கையில் இருக்கும்போது பயன்படுத்தாமல் விடலாமா? இந்தக் கட்டுரை முழுக்க அவர்கள் நாலு பேரும் வருவார்கள்.

முதலில் எண்ணிக்கை. மனிதக் கலம் (செல்) ஒன்றின் கருவுக்குள், அதாவது நியூக்கிளியசுக்குள், பரம்பரையலகுகளைச் சுமக்கும் 46 நிறமூர்த்தங்கள் உண்டு. தமிழகத்துப் புத்தகங்களில் குரோமோசோம் என்றிருக்கும், பொருள் ஒன்றுதான். 46 என்பது இரண்டிரண்டாக 23 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. இந்த எண்ணையே உலகம் நெடுங்காலம் பிழையாக வைத்திருந்தது. 48 என்றுதான் புத்தகங்கள் சொல்லின. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரத்து ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் எண்ணிப் பார்த்து 46 என்றார். டி.என்.ஏயின் வடிவம் 1953இலேயே தெரிந்துவிட்டது. நிறமூர்த்தம் எத்தனை என்பது அதற்குப் பிறகுதான் சரியானது!

முட்டையிலும் 46, விந்திலும் 46 இருந்தால் பிள்ளைக்கு 92 வரும். பேரப்பிள்ளைக்கு 184. இது நடக்காது என்பது வெளிப்படை. அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் எண்ணிக்கை பாதியாக வேண்டும். இந்த யோசனை வந்த வழி சுவாரசியமானது. புறாத்தீவில் முக்குளித்துப் பவளப்பாறை பார்த்தவர்களுக்கு, பாறையிடுக்கில் கறுத்த நீள முட்களோடு உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பிராணியான கடல் முள்ளெலியைத் தெரியும். காலில் குத்தியிருந்தால் மறக்கவே முடியாது. அதன் உறவுக்காரன் ஒன்றின் முட்டையை வைத்துத்தான் 1876இல் ஒஸ்கார் ஹேர்ட்விக் என்ற ஜெர்மானியர், விந்தின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாகச் சேர்வதை மத்தியதரைக் கடற்கரையில் வைத்துக் கண்டார். அந்த முட்டை கண்ணாடிபோல ஊடு தெரியும், அதனால் வேலை சுலபம். 1883இல் பெல்ஜியத்தின் வான் பெனடென் குதிரையின் குடலில் வாழும் ஒரு புழுவை எடுத்துக்கொண்டார். அதன் கலங்களில் நாலே நாலு நிறமூர்த்தங்கள். முட்டையிலிருந்து இரண்டும் விந்திலிருந்து இரண்டும் வருவதை அவர் எண்ணிக் காட்டினார். பாதியாக்கும் ஒரு பிரிவு இருந்தே ஆகவேண்டும் என்று அதன்பின் ஓகஸ்ட் வைஸ்மன் வாதிட்டார். 1905இல் ஃபார்மர், மூர் என்ற இருவர் அதற்குப் பெயர் வைத்தார்கள். குறைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. தமிழில் ஒடுக்கம். மொழிபெயர்த்தவர்கள் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெயரால் ஒரு கெடுதலும் நடந்துவிட்டது என்பது என் எண்ணம். ஒடுக்கம் என்றதும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவதை மட்டும் பார்க்கிறார்கள். 46, 23 என்று எழுதிப் புள்ளியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எண்ணிக்கையைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் கலம் இத்தனை பாடுபடத் தேவையே இல்லை.

என் வகுப்பில் இதைக் கம்பளி நூலை வைத்துக் காட்டுவேன். சந்தையடிக் கடையில் வாங்கிய நாலு நிற உருண்டைகள்: சிவப்பு அம்மம்மா, மஞ்சள் அம்மப்பா, நீலம் அப்பப்பா, பச்சை அப்பம்மா. அம்மாவின் கலத்தை எடுத்துக்கொள்வோம். மேசையில் ஒரு முழச் சிவப்பு நூல், பக்கத்தில் ஒரு முழ மஞ்சள் நூல். அம்மாவின் முதலாம் சோடி நிறமூர்த்தம் என்று வையுங்கள். பிரிவு தொடங்குமுன் கலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுக்கும். இப்போது இரண்டு சிவப்பு, இரண்டு மஞ்சள். நகலும் மூலமும் பிரிந்துவிடாமல் புரத வளையங்கள் அவற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும். கோஹீசின் என்று அவற்றுக்குப் பெயர். நான் சிறிய இறப்பர் வளையங்களைப் போட்டுக் காட்டுவேன். இந்த இறப்பர் வளையத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் ஒரு பெரிய வேலை இருக்கிறது.

பாதியாக்குவதுதான் குறிக்கோள் என்றால் ஏன் முதலில் இரட்டிப்பாக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாலு நூலாக்கி, இரண்டு தடவை பிரித்து, நாலு கலங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பதுதான் வழி. சுற்றுவழிபோலத் தோன்றும். சாதாரணக் கலப்பிரிவுக்கான பழைய இயந்திரத்தையே கொஞ்சம் மாற்றி இந்த வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பதால் அப்படி இருக்கலாம்.

அடுத்து நடப்பதுதான் விஷயம். சாதாரணப் பிரிவில், அதாவது தோல் வளரும்போதும் காயம் ஆறும்போதும் நடக்கும் இழையுருப்பிரிவில், சிவப்பும் மஞ்சளும் ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. அம்மாவின் உடம்பில் கோடிக்கணக்கான கலங்களில் அம்மம்மாவின் நிறமூர்த்தமும் அம்மப்பாவின் நிறமூர்த்தமும் அயல்வீட்டுக்காரர்போல ஆளுக்கொரு மூலையில் இருந்துவிட்டுப் போகின்றன. முட்டையாகப் போகிற கலத்தில் மட்டும் அவை தேடி வந்து, தலையோடு தலை, காலோடு கால் பொருந்தப் படுத்துக்கொள்கின்றன.

எப்படித் தேடுகின்றன? கலம் தன் டி.என்.ஏயைத் தானே வெட்டுகிறது. தவறுதலாக அல்ல, ஸ்போ11 என்ற புரதத்தை அதற்கென்றே ஏவிவிட்டு, நூற்றுக்கணக்கான இடங்களில். உடம்பில் வேறெந்தக் கலத்தில் இத்தனை வெட்டு விழுந்தாலும் அது ஆபத்து. இங்கே வேண்டுமென்றே நடக்கிறது. வெட்டுப்பட்ட சிவப்பு நூலின் நுனி, தன்னைச் சரிசெய்ய ஒரு மாதிரி தேடிப் போகும். தன்னைப்போன்ற வரிசை உள்ள மஞ்சள் நூலில் போய் ஒட்டும். அதைப் பார்த்து எழுதித் தன்னைத் தைத்துக்கொள்ளும். பெரும்பாலான வெட்டுகள் இப்படிப் பெரிய மாற்றமில்லாமல் ஆறிவிடும். சில இடங்களில் மட்டும் தையல் மாறிப்போகும். சிவப்பின் மீதி மஞ்சளோடும் மஞ்சளின் மீதி சிவப்போடும் சேர்ந்துவிடும். குறுக்குப் பரிமாற்றம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஆணின் கலம் ஒன்றில் மொத்தம் ஏறத்தாழ 50 இடங்களிலும் பெண்ணின் கலத்தில் ஏறத்தாழ 70 இடங்களிலும் இது நடக்கும்.

மேசையில் கத்தரிக்கோலை எடுத்து ஒரு சிவப்பையும் ஒரு மஞ்சளையும் ஒரே இடத்தில் வெட்டி, மாற்றி முடிந்து காட்டுவேன். இப்போது நாலு நூலும் நாலு மாதிரி: முழுச் சிவப்பு, முழு மஞ்சள், மேலே சிவப்பு கீழே மஞ்சள், மேலே மஞ்சள் கீழே சிவப்பு. அம்மம்மாவும் அம்மப்பாவும் ஒரே நூலில் வந்துவிட்டார்கள். அவர்களுடைய மகள் கருவானதிலிருந்து இதுதான் முதல் தடவை.

பெல்ஜியத்தின் ஜான்சென்ஸ் 1909இல் நுணுக்குக்காட்டியில் இந்தக் குறுக்குகளைப் பார்த்து, இங்கே பரிமாற்றம் நடக்கிறது என்று ஊகித்தார். இரண்டு வருஷத்தில் தோமஸ் ஹண்ட் மோர்கன் பழ ஈக்களை வைத்து அந்த ஊகத்துக்குப் பலம் சேர்த்தார். நூல் உண்மையிலேயே அறுந்து மாறுகிறது என்பதைக் கண்ணால் காட்டியது 1931இல், சோளத்தில், ஹரியட் கிரெய்ட்டனும் பார்பரா மக்ளின்ரொக்கும். நல்ல ஒரு கேள்வியும் பொறுமையும் இருந்தால் சோளப் பொத்தி போதும்.

சரி, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வேறுபட வேண்டும் என்பதற்காகவா இந்த வெட்டும் தையலும்? அப்படித்தான் நானும் நெடுநாள் சொல்லிக்கொடுத்தேன். அது அரைவாசி உண்மை. மீதியைச் சொல்லக் கயிறிழுத்தல் உதவும்.

சித்திரை வருஷ விளையாட்டில் கடற்கரை மணலில் கயிறிழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் இழுக்கும்போது கயிறு விறைத்து நிற்கும். நடுவில் கயிறு அறுந்தால் இரண்டு அணியும் மல்லாக்க விழும். முதல் பிரிவில் கலத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் கதிர் நார்கள் வந்து, ஒரு முனை சிவப்பு இரட்டை நூலைப் பிடிக்கும், எதிர்முனை மஞ்சள் இரட்டை நூலைப் பிடிக்கும். இரண்டும் இழுக்கும். விறைப்பு ஏற்பட்டால்தான் "சரியாகப் பிடித்திருக்கிறேன்" என்று கலத்துக்குத் தெரியும். சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது எது? அந்தக் குறுக்குப் பரிமாற்றம்தான், இறப்பர் வளையங்களின் துணையோடு. அது இல்லாவிட்டால் இரண்டும் கட்டில்லாத இரண்டு துண்டுக் கயிறுகள். எந்தப் பக்கம் எது போகும் என்பது குருட்டுவாக்கு. இரண்டும் ஒரே பக்கம் போகலாம், அப்போது ஒரு கலத்துக்கு ஒன்று கூடும், மற்றதுக்கு ஒன்று குறையும். அதனால்தான் மனிதக் கலத்தில் ஒவ்வொரு சோடிக்கும் குறைந்தது ஒரு குறுக்காவது வேண்டும். எண்ணிக்கை சரியாகப் பாதியாவதே கலப்பு நடப்பதால்தான். இரண்டையும் தனித்தனி "முக்கியத்துவங்கள்" என்று குறிப்புக் கொப்பியில் எழுதவைப்பது எனக்கு இப்போது உறுத்துகிறது. (எல்லா உயிரும் இப்படி என்று எழுதிவிடாதீர்கள். ஆண் பழ ஈயில் குறுக்குப் பரிமாற்றமே இல்லை. அது வேறு வழியில் சோடியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.)

முதல் பிரிவு முடிந்ததும் சோடிகள் பிரிந்து கலத்துக்கு 23 என்றாகிவிடும். ஆனால் ஒவ்வொன்றும் இன்னும் இரட்டை நூல்தான். இரண்டாம் பிரிவு அந்த இரட்டையைப் பிரிக்கும். அதில் பெரிய புதினம் இல்லை, சாதாரணப் பிரிவுபோலத்தான் நடக்கும்.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். முதல் பிரிவில் எந்தச் சோடியில் யார் எந்தப் பக்கம் போவது என்பது ஒவ்வொரு சோடிக்கும் தனிக் காசு சுண்டல். முதலாம் சோடியில் அம்மம்மாவின் பக்கம் விழுந்தது என்பதற்காக இரண்டாம் சோடியிலும் அப்படி விழ வேண்டியதில்லை. 23 தடவை சுண்டினால் வரக்கூடிய விதங்கள் 83,88,608. இது ஒரு பெற்றோருக்கு. இருவருக்கும் சேர்த்துப் பெருக்கினால் 70 இலட்சம் கோடிக்கு மேல். இதில் குறுக்குப் பரிமாற்றத்தைச் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் கணக்குக்கு அர்த்தமே போய்விடும். ஒரே தாய் தகப்பனுக்கு, ஒருகரு இரட்டையரைத் தவிர, ஒரே மாதிரி இரண்டு பிள்ளைகள் பிறக்கமாட்டார்கள் என்று துணிந்து சொல்லலாம்.

இதனால் வருகிற ஒரு விளைவைப் பலர் யோசிப்பதில்லை. பிள்ளையிடம் அம்மாவின் பங்கு பாதி, அது ஏறக்குறைய மாறாது. ஆனால் அந்தப் பாதிக்குள் அம்மம்மா எவ்வளவு, அம்மப்பா எவ்வளவு என்பது சுண்டலின் போக்கில்தான். சராசரி நூற்றுக்கு 25. ஒரு பிள்ளைக்கு 22ம் 28மாக வரலாம், அவளுடைய தம்பிக்கு மறுபக்கமாகச் சாயலாம். "இவள் அப்படியே அப்பம்மா" என்று கல்யாண வீட்டில் யாராவது சொன்னால், முகச்சாயலை வைத்து அளக்க முடியாதுதான், ஆனாலும் முழுப் பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

அப்பம்மா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 23ஆம் சோடி பெண்ணில் எக்ஸ் எக்ஸ், ஆணில் எக்ஸ் வை. அப்பாவுடைய எக்ஸ் அவருக்கு அப்பம்மாவிடமிருந்து வந்தது. வை அப்பப்பாவிடமிருந்து. இந்த இரண்டும் அளவிலும் உள்ளடக்கத்திலும் வெவ்வேறு. நுனிகளில் சின்ன ஒரு துண்டைத் தவிர ஒன்றோடொன்று பொருந்துவதில்லை, அதனால் நடுவில் பரிமாற்றமும் இல்லை. ஆகவே அப்பா தன் மகளுக்குக் கொடுக்கும் எக்ஸ், அப்பம்மாவிடமிருந்து வந்தது ஏறக்குறைய கலையாமல் அப்படியே. மகனுக்குக் கொடுக்கும் வை, அப்பப்பாவுடையது அப்படியே. மற்ற 22 சோடிகளிலும் நாலு பேரும் துண்டு துண்டாகக் கலந்துவிட, பெண்பிள்ளைகளிடம் மட்டும் அப்பம்மாவின் ஒரு நூல் முழுசாகத் தங்கிவிடுகிறது.

பிள்ளை ஆணா பெண்ணா என்பதும் இங்கேயே முடிவாகிறது. தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ்தான். விந்தில் பாதிக்கு எக்ஸ், பாதிக்கு வை. பெண்பிள்ளைகளாகப் பெற்றாள் என்று மருமகளை ஏசுகிற வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. ஏசுகிற மாமியார், தன் மகன் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தால் நல்லது. அவரையும் ஏச முடியாது என்பது வேறு விஷயம். அவரும் காசைத்தான் சுண்டினார், பூவா தலையா என்று கேட்டு வாங்கவில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த வேலை நடக்கும் விதம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆணில் பருவ வயதில் தொடங்கி முதுமைவரை ஓயாமல் நடக்கும். ஒரு விந்து உருவாகி முடிய இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம் எடுக்கும். ஒரு கலத்திலிருந்து நாலு விந்து, நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில்.

பெண்ணில் அது தொடங்குவது பிறக்குமுன். தாயின் வயிற்றில் பெண்சிசு வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் சூலகத்துக்குள் கலங்கள் ஒடுக்கற்பிரிவில் இறங்கிவிடும். ஐந்தாம் மாதமளவில் 60, 70 இலட்சம் கலங்கள் இருக்கும். நகல் எடுத்து, சோடி சேர்ந்து, வெட்டித் தைத்து, குறுக்குப் போட்டு, அப்புறம் அப்படியே நின்றுவிடும். அணி இரண்டும் கயிற்றைப் பிடிக்குமுன் விசில்காரர் வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம்தான் மிச்சம். பருவமடையும்போது 3, 4 இலட்சம். அதன்பின் மாதத்துக்கு ஒன்றாக, வாழ்நாளில் 400 அளவில் மட்டுமே முட்டையாக வெளிவரும். வெளிவரும் நேரத்தில்தான் நின்ற வேலை மறுபடி தொடங்கி முதல் பிரிவு முடியும். இரண்டாம் பிரிவு பாதியில் மீண்டும் நின்று, விந்து உள்ளே நுழைந்தால்தான் நிறைவுறும். நாலு முட்டையும் வராது. உணவுச் சேமிப்பு முழுவதையும் ஒரே முட்டைக்குக் கொடுத்துவிட்டு, மற்றப் பங்குகள் சின்னச் சின்ன உருண்டைகளாக ஒதுக்கப்பட்டு அழிந்துவிடும். கூட்டுக்குடும்பத்தில் ஒரே பிள்ளைக்கு முழுக் காணியையும் எழுதிவைத்த கதைதான்.

அந்த மாணவிக்கு இதைச் சொன்னபோது விரல்விட்டு எண்ணினாள். அவளாக மாறிய முட்டையின் வேலை தொடங்கியது அவளுடைய அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோது. அம்மம்மாவின் நிறமூர்த்தத் துண்டும் அம்மப்பாவின் துண்டும் வெட்டி ஒட்டப்பட்டது அங்கே, அந்த மாதங்களில். அம்மா பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் கட்டி, 31 வயதில் இவளைப் பெறும்வரை அந்த நூல்கள் குறுக்கும் மறுக்குமாகக் கட்டுண்டு காத்திருந்தன. "அப்ப அம்மம்மா என்னையும் சுமந்தவா" என்றாள். அறிவியலில் இப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் நான் திருத்தவில்லை.

இந்த நீண்ட காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த இறப்பர் வளையங்களைச் சொன்னேன் அல்லவா, அவை ஒருமுறை போட்டால் போட்டதுதான். சூலகத்தில் காத்திருக்கும் கலம் அவற்றைப் புதுப்பிப்பதாகத் தெரியவில்லை. 20 வருஷம் தாங்கும். 40 வருஷத்தில் சில தளர்ந்துவிடும். கட்டுத் தளர்ந்தால் கயிறிழுத்தல் பிழைக்கும். 21ஆம் சோடி இரண்டும் ஒரே பக்கம் போனால் அந்த முட்டையிலிருந்து வரும் பிள்ளைக்கு 21ஆம் நிறமூர்த்தம் மூன்று, மொத்தம் 47. டவுன் கூட்டறிகுறி என்கிறோமே, அதன் காரணம் இதுதான் என்று 1959இல் பாரிசில் கண்டார்கள். தாய்க்கு இருபது வயதளவில் ஏறத்தாழ 1,500 பிறப்புக்கு ஒன்று, 35 வயதில் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று என்று இது கூடிப்போகும். இளம் தாய்மாருக்கும் பிறக்கும், சில வேளைகளில் பிழை விந்திலும் நேரும். மற்ற நிறமூர்த்தங்களில் இப்படிக் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் கரு நிலைக்காது. ஆரம்ப மாதங்களில் கலைந்துபோகும் கர்ப்பங்களில் ஏறத்தாழ அரைவாசி இந்த எண்ணிக்கைப் பிழையால்தான். பாரம் தூக்கினாள், பஸ்ஸில் போனாள், அன்னாசி சாப்பிட்டாள் என்று அந்தப் பெண்ணுக்கு ஊர் சொல்லும் காரணங்களை நினைத்தால் எரிச்சல் வருகிறது. அந்தப் பிழை அநேகமாக அவள் கருவுறுமுன்பே முட்டைக்குள் நடந்து முடிந்தது.

ஒடுக்கற்பிரிவு சரிவர நடக்காமல் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. ஒரு வாழைப்பழத்தைக் குறுக்காக வெட்டுங்கள். நடுவில் மூன்று வரிசையாகச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விதையாக வந்திருக்க வேண்டியவை அவை. காட்டு வாழையில் அந்த இடத்தில் பல்லை உடைக்கிற கல்லுவிதைகள் இருக்கும். நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றின் கலத்தில் 11 நிறமூர்த்தங்கள் கொண்ட தொகுதி மூன்று, மொத்தம் 33. கயிறிழுக்க இரண்டு அணி வேண்டும், இங்கே மூன்று அணி நிற்கிறது. யார் யாரோடு சேர்வது? சோடி ஒழுங்காகப் பொருந்தாது, பாதியாகப் பிரியாது, விதை வராது. நமக்கு நல்லதுதான். ஆனால் வாழை பெருகுவது குட்டியால் மட்டும். குட்டி தாயின் அச்சு. தம்பலகாமத்தில் ஒரு தோட்டம் முழுக்க ஒரே இன வாழை நின்றால் அங்கே நிற்பது ஏறக்குறைய ஒரே மரம், பல இடத்தில்.

இதில் என்ன ஆபத்து? உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் என்ற வாழை இனத்தை பனாமா வாடல் நோய் 1950களில் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து துடைத்தெடுத்தது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சைதான் காரணம். ஒரு மரத்துக்கு எதிர்ப்பு இல்லையென்றால் அடுத்ததற்கும் இல்லை, எல்லாம் ஒரே சீட்டுக்கட்டு. அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷையும் இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு வகை விரட்டுகிறது. கலைத்துப் போடப்படாத பரம்பரை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

நிலாவெளிப் பக்கத்துப் பனைகள் இதற்கு நேர் எதிர். ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பத்துப் பன்னிரண்டு வருஷம் பொறுத்துப் பாளை வந்தால்தான் எது எதுவென்று தெரியும். நுங்கு தராத ஆண்பனையை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, அதன் பாளையில் கொட்டுகிற தூளைக் காட்டலாம். ஒவ்வொரு மணியும் ஒடுக்கற்பிரிவால் உண்டானது, ஒவ்வொன்றும் வேறு கலவை. (பரீட்சை எழுதுபவர்களுக்கு: தாவரத்தில் ஒடுக்கற்பிரிவு நேராகப் புணரியை, அதாவது விந்து, முட்டை போன்ற இனப்பெருக்கக் கலத்தை, தராது. முதலில் வித்தி, அதிலிருந்து மகரந்த மணி, அதற்குள் சாதாரணப் பிரிவால் ஆண் புணரி. ஒவ்வொரு வருஷமும் இங்கே புள்ளி போகிறது.) புறாத்தீவின் பவளங்கள் இரண்டு வழியையும் வைத்திருக்கின்றன. உடைந்து விழுந்த கிளை ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அது நகல். கடலில் முட்டையும் விந்தும் விட்டுக் கலந்து வருவது புதுக் கலவை. கடல் சூடாகும் வருஷத்தில் ஒரே இனத்துப் பவளங்களில் சில வெளுக்கும், சில தாங்கும். அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்தக் கலைப்பில் வந்தது.

அந்த மாணவியின் ஓவுக்கு வருவோம். அடுத்த வகுப்புக்கு வரும்போது இன்னொரு துண்டு கொண்டுவந்தாள். அப்பம்மாவின் பழைய கிளினிக் அட்டை. இரத்த வகை ஓ. "பிள்ளை, இப்ப நீரே சொல்லும்" என்றேன். கரும்பலகையில் போட்டாள். அப்பம்மாவிடம் இருப்பது ஓ மட்டும். ஆகவே அப்பாவின் ஓ அப்பம்மா தந்தது, ஏ அப்பப்பா தந்தது. அவளுக்கு வந்தது அந்த ஓ.

இரத்த வகையின் பரம்பரையலகு இருப்பது 9ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில், நுனிக்குக் கிட்ட. நான் ஒரு பச்சை நூலையும் நீல நூலையும் நீட்டினேன். அப்பா தந்த 9ஆம் நிறமூர்த்தத்தைச் செய்யச் சொன்னேன். நுனியில் ஒரு விரலளவு பச்சையை வைத்து முடிந்தாள். அது அப்பம்மா, அதில் சந்தேகம் இல்லை. மேலே நீலமா பச்சையா என்று நூலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"மேலே யாரெண்டு தெரியாதே சேர்?"

"தெரியாது."

அம்மா பக்கத்துக் கதை இன்னும் கஷ்டம். அம்மம்மாவின் வகை யாரும் எழுதிவைக்கவில்லை, அம்மப்பா அவள் பிறக்குமுன்பே போய்விட்டார். சிவப்பையும் மஞ்சளையும் தொடாமல் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, பச்சை நுனி முடிந்த நூலை மட்டும் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனாள். மாமிக்குக் காட்டுவதற்காம்.